மாமியார் பக்கம் நின்ற பெர்னி அக்கா

பெர்னி அக்கா செத்துவிட்டார். சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனை வீட்டில், ஹார்ட் அட்டாக்.

காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு அப்படி வளைத்துப் பேசுவது பிடிக்காது. எனக்கும்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் டிக்கட்டிங் ஒஃபிஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. "அன்பானவர், எல்லோருக்கும் அம்மா மாதிரி" என்று சனிக்கிழமையிலிருந்து எங்கள் ஒஃபிஸ் குரூப்பில் ஓடுகிறது... அம்மா மாதிரி என்பது மட்டும் உண்மை. எந்த அம்மா என்பதில்தான் விஷயம்.

கொரியன் டிராமா பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஏழைப் பெண், பணக்காரப் பையன், நடுவில் முத்துமாலை போட்ட ஒரு அம்மா. பெண்ணைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு பணக் கவரை வைத்து, என் மகனை விட்டுவிடு என்பாள். பெண் மறுத்தால் கிளாஸில் இருக்கும் தண்ணீர் முகத்தில்.

உலகமே அந்தப் பெண்ணுக்காக அழும். பெர்னி அக்கா மட்டும் அந்த அம்மாவின் பக்கம்.

"அவ சொல்றதுல என்ன பிழை? பெத்து வளர்த்தவ அவதானே."

ஹீரோயின்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை. மூன்று இடத்தில் வேலை செய்யும் ஏழை என்கிறார்கள், சீனுக்குச் சீன் ஒரு புதுக் கோட் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். அது நியாயமான கேள்விதான். அந்த நாட்டு ஹீரோ ஒருநாளும் வேலை செய்வதில்லை, பாதிக் கதைக்கு மேல் எழுத ஒன்றுமில்லாமல் போனால் ஒரு லொறியை விட்டு யாரையாவது அடிப்பார்கள் என்பதிலும் எங்களுக்குள் சண்டை இல்லை.

முடிவைச் சொல்லிக் கெடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஞாயிறு எபிசோடைப் பார்க்க முடியாமல் சமையலில் கிடந்தவர்கள் திங்கட்கிழமை லஞ்ச் மேசைக்குப் பயந்து பயந்து வருவோம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முதலே, "செத்திட்டான்" என்பார். யார் என்று கேட்டால் அதையும் சொல்வார்.

அவருடைய மகன் ரொஷான். பின்னேரங்களில் அம்மாவை ஏற்ற பைக்கில் வருவான். வாசலில் நின்று கதைத்துக் கதைத்து... சரி, எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் பிடித்திருந்தது. நான் தெஹிவளைச் சைவக்காரி, அவர்கள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். இதற்கு மேல் கதையை நீங்களே எழுதலாம்.

ஒருநாள் பெர்னி அக்கா என்னைக் காலி வீதி பேக்கரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். இரண்டு மீன் ரோல்ஸ், இரண்டு பிளேன்டீ, ஒரு கிளாஸ் தண்ணீர். அவர் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நான் முதலில் செய்த வேலை, தண்ணீர் கிளாஸை மெதுவாக என் பக்கம் இழுத்து வைத்ததுதான். அத்தனை டிராமா பார்த்தவள் வேறென்ன செய்வாள்?

கவர் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. அவர் ரோல்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ நல்ல பிள்ளைதான். எண்டாலும் உன்னப் பாத்தா ஹீரோயின் மாதிரி இல்ல பிள்ளை. ஹீரோயின்ட ஃப்ரெண்ட் மாதிரி."

அதற்குப் பதிலாக அவர் தண்ணீரை என் முகத்தில் ஊற்றியிருக்கலாம். துடைத்துவிட்டு எழும்பி வந்திருப்பேன்.

நான் தொடாத ரோல்ஸை டிஷ்யூவில் சுற்றித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார். பில்லையும் அவரே கட்டினார்.

டிராமாவில் என்றால் ஹீரோ அம்மாவின் கம்பனியைத் தூக்கியெறிந்துவிட்டு மழையில் வந்து நிற்பான். ரொஷான், என் மெசேஜை வாசித்தது தெரியாமலிருக்க, வட்ஸ்அப்பில் ப்ளூ டிக்கை நிறுத்தினான். அவன் செய்த புரட்சி அவ்வளவுதான். பிறகு வத்தளையில் பெண் எடுத்தான். கல்யாணக் கார்டை பெர்னி அக்காவே கொண்டுவந்து என் கீபோர்டின் மேல் வைத்தார்.

அதற்குப் பிறகும் ஏன் அந்த மேசையில் இருந்து சாப்பிட்டாய் என்று கேட்பீர்கள். எங்கள் ஒஃபிஸில் மற்றவர்கள் சப்டைட்டில் வாசிப்பதில்லை, ஹீரோவின் முகத்தைத்தான் வாசிப்பார்கள். சண்டை பிடிக்கவாவது எனக்கு ஓர் ஆள் வேண்டுமே. அவரை எனக்குப் பிடிக்காது. அவர் லீவு போட்ட திங்கட்கிழமைகளில் சோறும் இறங்காது. இரண்டும் உண்மை.

இப்போது ஓடிய டிராமாவிலும் அதே மாதிரி ஓர் அம்மா. பெண்ணைத் துரத்தி, மகனுக்கு வேறு இடத்தில் கட்டிவைத்து, எல்லாம் செய்து முடித்தவள். சனியும் ஞாயிறும் கடைசி இரண்டு எபிசோட். வெள்ளிக்கிழமை லஞ்சில் பெர்னி அக்கா என் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"கடைசி வரைக்கும் அந்த அம்மா குனிய மாட்டா. குனிஞ்சா நான் கொரியன் பாக்கிறதயே விட்டுடுவன்."

அடுத்த நாள் காலையில் செத்துவிட்டார். பார்க்காமலே.

நான் பார்த்தேன். ஞாயிறு எபிசோடையும் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டுத்தான் இன்று, திங்கட்கிழமை, கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. ரொஷானுக்கு வயிறு போட்டிருக்கிறது, முன்பக்கம் முடி போய்விட்டது. அழுது வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்து, அம்மா அந்த நாடகத்தின் முடிவைப் பார்க்காமல் போய்விட்டா, என்ன நடந்தது என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு ஏன்?

பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். பட்டுச் சேலை, கையில் ஜெபமாலை, கழுத்தில் டிராமா அம்மாக்கள் போடுகிற மாதிரி ஒரு முத்துமாலை. முத்தம் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஆன்ட்டிமார் விலகி இடம் விட்டார்கள்.

காதோடு குனிந்தேன்.

"அக்கா, கடைசி எபிசோட்ல அந்த அம்மா தான் துரத்தின பிள்ளைட வீட்டுக்குப் போனவ. முழங்கால்ல நிண்டு மன்னிப்புக் கேட்டவ."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பழக்கதோஷம்... ஏதாவது சொல்வார் என்று.

போய் வாருங்கள், பெர்னி அக்கா. அடுத்த டிராமாவில் நாம் சந்திக்க வேண்டாம்.