மீசைக்கு விழுந்த கும்பிடு

பல் டாக்டரிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. டாக்டர் பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பல்லுக்குமா பொம்பளை?

அறுபதுகளில், மெட்ராஸில் படித்துவிட்டுத் தென்காசியில் போர்டு மாட்டினேன். "குத்தால சீசன் முடியுறவரைக்கும் பாரு. ஆள் வரலன்னா கடையக் கட்டிட்டுத் திருநெல்வேலிக்கு வந்துரு, மாப்பிள்ளை பாக்கணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு ஒத்தாசைக்கு இருந்தவர் மாடசாமி அண்ணாச்சி. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. குறடுகளை வெந்நீரில் போட்டு எடுப்பதும் தரையைத் துடைப்பதும் அவர் வேலை. ஆனால் உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கும்பிட்டார்கள்.

அச்சன்புதூர் சம்சாரி ஒருவரிடம் நான்தான் டாக்டர் என்றேன். அவர் என் வளையலைப் பார்த்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகச் சொன்னார்: "எங்க வீட்ல ஆரும் முழுகாம இல்லியே தாயி. எனக்குப் பல்லுல்லா வலிக்கி!"

கைராசி

சாரல் விழுந்ததும் கொஞ்சம் ஆள் வந்தது. அருவித் தண்ணீர் ஜில்லென்று பட்டால் சொத்தைப்பல் சும்மா இருக்குமா? அப்படி வந்தவர் ஒரு சிலம்ப வாத்தியார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இதுக்குப் பலம் வேணுமேம்மா, அண்ணாச்சி இழுக்கட்டும்" என்றார். பல்லை யாரும் இழுப்பதில்லை. மெள்ள அசைத்து இளக்கினால் அதுவே கையோடு வந்துவிடும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஊசியைக் கண்டதும் வாத்தியார் கண்ணை இறுக்க மூடி, அண்ணாச்சி கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் பல்லைத் தட்டில் போட்டு "முடிஞ்சுது" என்றேன். கண்ணைத் திறந்தவர் எழுந்து அண்ணாச்சியைக் கும்பிட்டார்: "என்னா கைராசிய்யா உமக்கு! வலியே தெரியலவே!"

முனகல்கூட இல்லை

அன்றைக்கு அழுதேவிட்டேன். சீசனும் ஓய்ந்தது. சாமான் ஏற்ற அப்பா வண்டி பேசிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஆமினாம்மா வந்தார். நெசவுக்காரர் வீட்டு அம்மா. வெள்ளைத் துப்பட்டிக்குள் கன்னம் வீங்கிப்போயிருந்தது. "இந்தம்மா கத்தி ஊரக் கூட்டிரும்" என்று அண்ணாச்சி தலையைப் பிடிக்கத் தயாரானார். ஆமினாம்மா அவரை வெளியே போகச் சொன்னார்.

சீழ் வைத்த இடத்தில் மரத்துப்போக வைக்கிற மருந்து சரியாகப் பிடிக்காது. "ரொம்ப வலிக்கும்மா" என்றேன். "எடுங்க" என்றார்.

அடேயப்பா! கால் கட்டைவிரல் மட்டும் தரையை அழுத்தியது. வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. பல்லை எடுத்துத் தட்டில் போட்டேன். இப்படி ஒரு மனுஷியா என்று பிரமித்துப்போய், என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். "இவ்வளவு வலியோட ஏம்மா வராம இருந்தீங்க?" என்று கேட்டேன்.

பஞ்சைக் கடித்தபடியே சொன்னார்: "சீசன் பூரா வாசல்வரைக்கும் வந்து வந்து திரும்பினேன்மா. மீசைக்காரருதான் டாக்டருன்னு நெனச்சேன், ஆம்பிளைட்ட எப்படி வாயத் தொறக்க? இன்னைக்கு அவரு தரையத் தொடைக்கதப் பாத்தேன். டாக்டரு தரை தொடைப்பாரா? அப்பத்தான் வெளங்குச்சு!"

மறுநாள் அவர் தெருப் பெண்கள் வீங்கின கன்னத்தோடு வாசலில் வரிசை கட்ட, அப்பா பேசிய வண்டி வெறுமனே திரும்பிப் போனது. கும்பிடு மட்டும் கடைசிவரைக்கும் அண்ணாச்சிக்குத்தான்.