பழவேற்காட்டில் ஓர் எச்சரிக்கை நாள்

மழைக்காலத்தில் பழவேற்காட்டுக்குப் போகாதே என்று சொல்லாதவர்கள் இல்லை. அதனாலேயே போனேன். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைச் செல்ஃபி கூட்டம் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கைப்பேசி 'லேசான மேகமூட்டம்' என்றது. நான் என்ன கடலுக்கா போகிறேன் என்று குடைகூட எடுக்காமல் கிளம்பினேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அனுப்பம்பட்டில் ஏறிய ஒரு விவசாயி, பஞ்சாங்கத்தில் இந்த வருடம் மழை அமோகம் என்று போட்டிருப்பதாகவும், தன் நாற்று மட்டும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது என்றும் சொன்னார். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். கூட்டம் பிதுங்கும், ஏறினதும் இடம் பிடித்துவிடுங்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவர்களில் பலர் நடுவயதைக்கூடத் தொடவில்லை. வாடைக்காற்றுக் காலம் நெருங்கினால் அந்தக் காலத்துக் கப்பல்கள் இந்தக் கரையில் நிற்காமல் நங்கூரத்தைத் தூக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். எந்த நாளில் புயல் வரும் என்று கப்பல்காரர்களுக்கும் தெரியாது. போக வேறு இடம் இருந்தது, போனார்கள்.

மதியம் ஷேர் ஆட்டோவில் தோணிரேவு பக்கம் போனேன். அங்கிருந்து சற்றுத் தள்ளி ஏரிக்கரையில் ஒரு குப்பம். அதன் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் படித்தால் புரியும். டீக்கடையில் தேசப்பன் என்பவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏரியில் மீன் பிடிப்பவர், ஐம்பது வயதிருக்கும். வானம் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டேன். தண்ணீர் இன்னும் தெற்கிலிருந்துதான் ஓடுகிறது, வாடை இறங்கவில்லை, கிழக்கே வெளுத்திருக்கிறது. நாளை மத்தியானம் வரை ஒன்றும் வராது என்றார். அவர் சொன்ன தோரணையில் நானும் நம்பினேன். ஊரே அவர் வாயைப் பார்த்துத்தான் படகை இறக்குமாம்.

அன்றைக்குத் தேசப்பன் குழுவின் பாடு. ஏரியில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் நன்றாகப் படும். அந்த இடத்தில் எல்லோரும் வலை கட்ட முடியாது என்பதால், குழு குழுவாகப் பிரித்து முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒரு குழுவுக்கு ஒரு நாள். அந்த நாளை விட்டால் ஊர் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் அடுத்தது. மழை, புயல், காய்ச்சல் எதற்கும் நாள் மாறாது.

தேசப்பனின் தம்பி சேகர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டே கடந்து போனது. சேகரின் மனைவி கலா வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எச்சரிக்க எச்சரிக்கனு ரெண்டு வாட்டி பாட்ட உட்டோம். ரெண்டு நாளும் வெயிலு காஞ்சுது. இந்த வாட்டியும் உட்டா இன்னாத்த துன்றது?" என்றான் சேகர்.

"உங்கண்ணன் சொல்றாருன்னு போறியா, பாடு போய்டும்னு போறியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அண்ணனும் தம்பியும் இன்னொருவரும் படகைத் தள்ளினார்கள்.

மூன்று மணி சுமாருக்கு மேற்கே, பொன்னேரிப் பக்கம், வானம் கறுத்தது. ஐப்பசியில் கெடுதல் கிழக்கிலிருந்துதான் வரும் என்று தேசப்பனும் கிழக்கையே பார்த்திருந்தார், அறிவிப்பும் கடலையே சொன்னது. என் கைப்பேசி அப்போதும் லேசான மேகம் காட்டியது. காற்று நிலத்தின் பக்கமிருந்து கிளம்பி ஏரியைத் தாண்டி அடித்தது. அரை மணி நேரம்கூட இல்லை. டீக்கடைக் கூரைத் தகடு பறந்தது. கடலுக்கு இறங்கும் வற்றுநீர் ஓட்டமும் சேர்ந்து படகை முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்திருக்கிறது. தேசப்பனும் மற்றவரும் வலை கட்டும் கழியைப் பிடித்துக்கொண்டு மிஞ்சினார்கள். சேகர் அகப்படவில்லை. கரையில் நின்ற கலா அழவில்லை, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. எனக்கு அவள் பக்கம் போக பயமாக இருந்தது.

அன்று பொன்னேரியில் தங்கினேன். ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. காலையில் மறுபடி குப்பத்துக்குப் போனேன், வெயில் பளிச்சென்று இருந்தது. சேகரின் உடல் கடலோரத்தில் ஒதுங்கியிருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டு வாசலில் நின்றபோது ஊர்த் தலைவர் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார்.

"தேசப்பா, சாவு உழுந்ததால பாடு நின்னுபோச்சு. காரியம் முடியிற வரிக்கும் யாரும் வல கட்ட மாட்டாங்க. நேத்து பாடு உங்குளுதாவே இருக்குது. மொதல்ல நீங்கதான் எறங்கணும்."

கலா நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவுக்கு நிறுத்தறீங்களே, எச்சரிக்கைக்கு நிறுத்தியிருந்தா இன்னா?"

தேசப்பன் உள்ளே போய்விட்டார்.

எந்தக் கணிப்பை நம்பலாம் என்று வாசகர்கள் கேட்பீர்கள். வானிலைத் துறையின் எச்சரிக்கை ஒரு முழுக் கரைக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரு குப்பத்தில் ஒரு மத்தியானம் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. தேசப்பனுக்குத் தன் திசை தெரியும், மற்ற திசை தெரியாது. கைப்பேசிக்கு எதுவும் தெரியாது. பத்து தடவை பொய்த்த எச்சரிக்கையை மதித்து வீட்டில் உட்கார, பத்து நாள் சோறு கையில் இருக்க வேண்டும். என் கையில் இருந்தது. எனவே எனக்கு நம்புவது சுலபம்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள். தை மாதம் நல்லது, பூநாரைகளும் இருக்கும். யார் அழைத்தாலும் படகில் ஏறாதீர்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் தேசப்பனுக்குப் போன் செய்தேன். பாட்டுக்கு இறங்கியாகிவிட்டது என்றார். அன்றைக்கு எச்சரிக்கை இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். சேகரின் இடத்தில் கலாவின் தம்பி போனானாம். நாள் முழுக்க வெயில் காய்ந்ததாம்.