மீட்டர்காரரின் முன்சக்கரம்

பல்செட்டக்கா வேலை செய்துகொண்டே கனவு காண்கிறவள். கை பாட்டுக்கு மெழுகில் கடைவாய்ப்பல்லை நட்டுக்கொண்டிருக்கும். மனசு எங்கேயோ ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது.

கனவில் வரும் சாலை கற்பனை இல்லை. ஞாயிறு தவறாமல் அவளும் புருஷனும் போய்வந்த சாலைதான். புருஷன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். தெருவில் அவர் பெயரே மீட்டர்காரர். குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்டோ, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவு. அதனால் இருவருக்கும் மடக்குச் சைக்கிள். அவர் மடக்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே, சட்டை மடிக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. சமதரையில் மெதுவாக ஓட்டலாம், மேடு மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தெருவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. "யாருக்காவது குடுத்துடு அதை" என்று சைக்கிளைக் காட்டிச் சொன்னவர், நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தார். பேப்பரைப் பிரித்தால் பக்கம் திரும்பாது. மனுஷன் பிழைத்துவிட்டார், ஆனால் பிழைத்ததை இன்னும் நம்பவில்லை. இப்படியே இந்த நாற்காலியிலேயே கரைந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவரை எப்படியாவது தெருவுக்கு இறக்கிவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு மத்தியானம் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பிரித்தால், நடுவில் தவலை மூடி அகலத்துக்கு மோட்டார் வைத்த ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு பேட்டரி, கட்டைவிரலால் அழுத்தும் விசை ஒன்று, கொடி கொடியாக ஒயர்.

"என்ன இது?" என்றார் மீட்டர்காரர்.

"உங்க சைக்கிளுக்கு மோட்டார். முன்சக்கரத்தைக் கழட்டிட்டு இதை மாட்டணும். மேடெல்லாம் அதுவே இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"கட்டைவண்டி மாதிரி என்னை எதாவது இழுக்கணுமா இப்ப?"

"நீங்க பேப்பரைப் படிங்க."

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஸ்டர் தூசி மிதந்துகொண்டே இருக்கும். அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தாடைகள். அவற்றின் நடுவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். புது மோட்டாரின் ஆக்ஸில், சக்கரத்தை இருபுறமும் பிடிக்கிற போர்க்குக்குள் இறங்க மறுத்தது. மயிரிழைதான் இடைஞ்சல். அவள் அசரவில்லை. மெழுகை இளக்கி, ஆக்ஸில் முனையில் அழுத்தி, பல்லுக்கு எடுப்பது போலவே அச்செடுத்தாள். பல் ராவும் மெஷினால் போர்க்கின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். ராவுவதும் மெழுகை வைத்துப் பார்ப்பதுமாகப் பொழுது போனது தெரியவில்லை. எதிரே இருப்பது சைக்கிள் என்பதே மறந்துபோய், யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று அதற்குச் சமாதானம்கூடச் சொன்னாள்.

ஆக்ஸில் பொருந்தியது. ஒயரை வண்டி மடங்குகிற கீலின் மேல் இழுத்துப் பிடித்துக் கட்டினாள்.

"அப்படிக் கட்டினா மடக்குறப்ப அறுந்துடும்." குரல் பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுவிடும் என்று தெரியும். ஒயரைத் தளர்த்தி, ஒரு வளையம் விட்டுக் கட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வண்டியைப் பற்றி அக்கறையாகச் சொன்ன முதல் பேச்சு அது.

கடைசியில் விசையை அழுத்தினாள். சக்கரம் தேன்வண்டு மாதிரி முனகிக்கொண்டு சுற்றியது. பிளாஸ்டர் தூசியெல்லாம் எழும்பி வெயிலில் ஆடியது. அந்த அழகில் சொக்கிப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று யார் பார்த்தார்கள்?

சாயங்காலம் வெகுவாகக் கெஞ்சி, அவரைக் கீழே வாசலுக்கு இறக்கினாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து, கட்டைவிரலால் அழுத்தினார். வண்டி பின்னால் போனது. சும்மா இல்லை, விறுவிறுவென்று போனது. அவர் காலை ஊன்றி நிறுத்துவதற்குள், வழியனுப்ப நின்றவள் மேலேயே வந்து இடித்தது.



"ஏம்மா," என்றார் மெதுவாக, "என்னை வெளியே அனுப்பத்தானே இவ்வளவும் பண்ணினே? இது வீட்டுக்குள்ளேயே போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோளாறு இதுதான். மோட்டாரின் ஒயர் வண்டியின் வலப்பக்கம் வரவேண்டும், பக்கம் மாறினால் சக்கரம் பின்னால் சுற்றும் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தன் வலக்கைப் பக்கம் வைத்திருப்பார்கள். வண்டி தலைகீழாக நின்றதால் அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் வாய்களையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு, எதிரே இருப்பவரின் வலம் என்றால் தன் இடக்கைப் பக்கம். காலமெல்லாம் பழகிய கை அதன் வழக்கப்படி இடப்பக்கம் வைத்துவிட்டது.

"ஸ்பேனரை எடு," என்றார் அவர். "பல்லு உன் வேலை, வண்டி என் வேலை. தள்ளு."

வாசலிலேயே உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலையில் கிளம்பினார்கள். மோட்டார் வண்டியில் அவர், சாதா வண்டியில் அவள். இலேசான பனி. கடைகள் இன்னும் திறக்கவில்லை. பாலத்து மேடு வந்ததும் அவர் கால் ஓய்ந்தது, வண்டி ஓயவில்லை. யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி, சிரமமே இல்லாமல் பனிக்குள் ஏறிப் போனார். பின்னால் இவள் எழுந்து நின்று மிதித்தாள். பாதி மேட்டில் முடியவில்லை. இறங்கித் தள்ளினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக அவள் எந்த அறையில் இருந்தாலும் காது அவர் மூச்சிலேதான் இருந்தது. சமைக்கும்போதும், பல் ராவும்போதும், தூங்கும்போதும். இப்போது ஒரு மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பதறி நின்றாள். பிறகுதான் புரிந்தது, அது தன்னுடைய மூச்சு.

"மூச்சு வாங்குதா?" மேட்டு உச்சியிலிருந்து அவர் குரல் வந்தது. "மெதுவா வா. அவசரமே இல்லை. நடுநடுவே நின்னு நின்னு வா."

மாதக்கணக்கில் மாடிப்படியிலும் குளியலறை வாசலிலும் அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், வார்த்தை மாறாமல். பல்செட்டக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு நன்றாக அழுதாள்.

"வரேங்க," என்றாள் பிறகு. "நீங்க முன்னால போங்க."

"போகமாட்டேன்," என்றார் அவர். "நின்னுக்கிட்டே இருக்கேன், வா."