என்ன, என்ன

பிள்ளைகளே, வாடகைக்கு எடுத்த நீளமான செடான் காரில் நாங்கள் மாத்தறைக்குப் போகிறோம். போகிற வழியில், நான் வளர்ந்த வெள்ளவத்தை வீட்டை உங்கள் அம்மாவுக்குக் காட்டும் ஆசையில் காரை அந்தக் குறுகலான ஒழுங்கைக்குள் விட்டுவிட்டேன். வீட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. திருப்ப இடமில்லாததால் பின்னுக்கே எடுக்கவேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கழிவுநீர் ஓடும் திறந்த கான். கார் கானுக்குள் இறங்கினால் பயணம் இதோடு முடிந்தது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த சிங்களப் பெண் ஒருவர் விளக்குமாற்றோடு காருக்குப் பின்னால் வந்து, "என்ன, என்ன, என்ன" என்கிறார்.

"இஞ்சருங்கோ, எத்தனை தரம் கேட்கிறா, மறுமொழி சொல்லுங்கோவன்," என்று அம்மா அதட்டுகிறாள்.

"அவ கேட்கேல்லையப்பா. சிங்களத்தில 'என்ன' எண்டா வாங்கோ. பின்னுக்கு வரச் சொல்லுறா."

எனக்குச் சிரிப்பு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவனாக வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டி ரீவி பார்க்க வரும்படி "என்ன, என்ன" என்று கூப்பிடுவார். நான் "ஒண்டுமில்லை" என்று கேற்றிலேயே நிற்பேன். கடைசியில் அவரே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்த வீடும் இப்போது இல்லை.

கார் ஒரு கீறலும் இல்லாமல் ஒழுங்கை முனைக்கு வந்துவிடுகிறது. நான் நன்றி சொல்ல, அந்தப் பெண் குனிந்து, "கிஹின் என்ன" என்கிறார்.

"இப்ப என்னவாம்?"

"போயிட்டு வாங்கோ எண்டுறா."

நாளைக்கே திரும்பி வரப்போகிறவள் மாதிரி அம்மா கண்ணாடியை இறக்கி, "ஓம், வாறம்," என்கிறாள், தமிழிலேயே.