சந்தனப் பொட்டு வைத்த முகக்கவசம்

பிள்ளைகளா, ஆயுத பூஜைக்கு நீங்கள் சைக்கிளைக் கழுவி முடித்ததும் அப்பா துணியோடு வந்து பிரேக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். காரணத்தை இதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

2005-ஆம் வருஷம். விருதுநகரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தேன். மற்ற அறைகளில் மிளகாய் வத்தல் மூடைகள் இருக்கும். ஓர் அறையில் மட்டும் ஐஸ்கிரீம் பெட்டிகள். தண்ணீர் பட்டால் உறைந்துபோகும் குளிர். அங்கே குளிரூட்டும் அமோனியா கசிந்தால் உள்ளே போவதற்கென்று, முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரும் முகக்கவசமும் வைத்திருந்தோம்.

அந்த ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமான்களையும் கழுவினேன். முகக்கவசத்தையும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். விடுகிற மூச்சு வெளியேறும் வால்வுக்கு வட்டமான மூடி. பொட்டு வைக்கத் தோதாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தேன். கழுவினால் நன்றாகக் காயவைத்து ஊதிப் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பொரிகடலை வாங்கப் போகிற அவசரத்தில் ஈரத்தோடு ஆணியில் மாட்டிவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் வேதக்காரர்; சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். "என்னலே, மாப்பிள்ளை ஜோராப் பொட்டு வச்சு நிக்காரு. பொண்ணு எங்கன?" என்று கேலி செய்தார்.

மறுநாளே அந்த அறையில் அமோனியா கசிந்தது. குழாயை அடைக்க அண்ணன் கவசத்தை மாட்டிக்கொண்டு போனார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. பதறி வெளியே இழுத்துப் போட்டபோது கவசம் அவர் நெஞ்சில் தொங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமல் நிற்கவில்லை.

கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். சந்தனம் அப்பிய மூடிக்குள் காயாமல் நின்ற ஈரம் உறைந்து, வால்வின் ரப்பர் ஒட்டிக்கிடந்தது. மூச்சை வெளியே விட வழியில்லாமல் திணறித்தான் கழற்றியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் பனி உருகி, சந்தனத் தண்ணீராக என் உள்ளங்கையில் வழிந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்து வால்வை ஊதிப் பார்த்தார். காற்று ஒழுங்காகப் போனது.

"மாஸ்க் சரியாத்தானப்பா இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு சார்."

அண்ணன் பயந்துபோய்க் கழற்றிவிட்டார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் நாலு படி ஏறினால் இளைப்பு. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் பாடவில்லை. வேலையையும் விட்டுவிட்டார்.

பொங்கல் கழிந்துதான் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்லே. மூச்சு முட்டையிலேயே சந்தன வாசம் வந்துச்சே."

"பெறகு ஏண்ணே யார்ட்டயும் சொல்லலை?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

மறுநாள் மேனேஜரிடமும் உடன் வேலை செய்கிறவர்களிடமும் சொன்னேன். திட்டினார்கள். என் மட்டில் அதோடு முடிந்துவிட்டது; அண்ணனுக்கு முடியவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கவசத்தை எடுத்தேன். வால்வைக் கழற்றி, துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, நானே மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போய்த் தனியாக நின்றேன். விட்ட மூச்சு ஒவ்வொன்றும் தாராளமாக வெளியே போனது. அன்றைக்கு அண்ணனுக்கும் இப்படித்தான் போயிருக்கும், நான் ஒரு துணியைக் கையில் எடுத்திருந்தால்.