கடவுக்குப் பூட்டு இல்லை

சோழபுரத்தில் எங்கள் வயலின் மோட்டார் ரூம் கதவோரம், ஓர் ஆணியில் மண்வெட்டி ஒன்று தொங்குகிறது. அதை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது என் மதினி போட்ட சட்டம். அறுப்பு முடிந்ததும் எலி பிடிக்க வருகிறவர்கள், தாங்கள் வெட்டிய வளைகளை மூடுவதற்கு மட்டும்தான் அது. மதினி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சட்டம் இன்னும் இருக்கிறது. நான் விடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி.

அண்ணன் பட்டாளத்தில் இருந்த காலத்திலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் மதினி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். பாதிப் பங்குக்குச் சொந்தக்காரன், லீவு நாள் விவசாயி. அண்ணன் இறந்த பிறகு வயலுக்கு அடிக்கடி போய் அதிகாரம் பண்ணினேன். மதினி பொறுத்துக்கொண்டார். சுற்றிலும் முள்வேலி இருந்தாலும் ஆள் நுழையும் கடவு மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். அறுத்த வயலில் எலி பிடிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. கடப்பாரையும் நாயுமாக வருவார்கள். வரப்பில் வளையைத் தோண்டி, எலியையும் அது உள்ளே சேர்த்து வைத்த கதிரையும் எடுத்துக்கொள்வார்கள். எலி அவர்களுக்குக் கறி, எங்களுக்குப் பகை. எங்கள் வயலுக்கு வழக்கமாக வருகிறவர் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர். மதினி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடம் அவர் ஒரு வளையை அரைகுறையாக மூடிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வயல் பிந்தி நட்டது. அதில் தண்ணீர் நின்றது. காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு உடைந்து, அந்தத் தண்ணீர் முழுக்க எங்கள் வைக்கோலில் நின்றது. பக்கத்து வயல்காரர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடவில் படல் வைத்து அடைத்துப் பூட்டுப் போட்டேன். வரப்பு நெடுக எலி மருந்து வைத்தேன். மதினி சொன்னது ஒன்றுதான்: "அடைக்கது லேசு தம்பி. எலிக்கு யாரு பூட்டுப் போடுவா?" வாத்தியாருக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை.

அடுத்த அறுப்புக்கு வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருடைய நாய் திரும்பவில்லை. முள்ளுக்கடியில் நுழைந்து, மருந்து தின்ற எலியைத் தின்று, எங்கள் வரப்பிலேயே செத்துக் கிடந்தது. மறுநாள் தேடி வந்தவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். அதன்பின் எங்கள் பக்கம் யாருமே வரவில்லை. அடுத்த வெள்ளாமையில், கதிர் இன்னும் வெளியே வராமல் பொதி கட்டி நிற்கும் சமயம், நடுவயலில் வட்டம் வட்டமாகப் பயிர் வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்ட எலி, மறுபடி வைத்த மருந்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. எனக்காவது மாதச் சம்பளம் இருந்தது. மதினிக்கு அந்த நெல்தான் சோறு.

மதினி என்னை வண்டியை எடுக்கச் சொன்னார். வன்னியம்பட்டியில் எலி பிடிக்கிறவர் எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "நாய்க்கு வழி தெரியும்மா, பூட்டு தெரியாது" என்றார்.

மதினி கெஞ்சவில்லை. "மருந்து வச்சது எங்க தப்பு அண்ணாச்சி. அந்த எலிய ஒங்க வீட்ல ஆக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. வரப்ப மூடாமப் போனது ஒங்க தப்பு. ரெண்டு பேரும் திருத்திக்கிடணும். இல்லன்னா ஒங்களுக்கும் வயலு இல்ல, எங்களுக்கும் வெள்ளாமை இல்ல."

அவர் கேட்டார்: "மூடுதேன். ஆனா நல்லா மூடிருக்கான்னு யாரு பாப்பா?"

"எங்க கொழுந்தன் வந்து மிதிச்சுப் பாப்பாரு. கால் பொதைஞ்சா திரும்ப மூடுங்க. எங்க வயல்ல இனி மருந்தும் கெடையாது, பூட்டும் கெடையாது."

என்னைக் கேட்காமலே என் காலை எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று திரும்பும் வழியில் வாங்கியதுதான் அந்த மண்வெட்டி. அதுமுதல் ஒவ்வொரு அறுப்புக்கும் பஸ் ஏறிப் போய் வரப்பு மிதிக்கிறேன். முதல் தடவை மூன்று இடத்தில் கால் புதைந்தது. நாயைக் கொன்றவன் எந்த வாயால் குறை சொல்வது என்று நின்றேன். "சொல்லுங்க தம்பி, நீங்க வெக்கப்பட்டா வரப்பு நிக்காது" என்று மோட்டார் ரூமிலிருந்து மதினி சத்தம் போட்டார். சொன்னேன். அவரும் முகம் சுளிக்காமல் திரும்ப மூடினார்.

இந்த வருடம் அண்ணன் மகன் லீவில் வந்து நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டான். அவனும் பட்டாளம்தான். பன்றித் தொல்லைக்கு வேலி வேண்டும், அதில் தப்பில்லை. கடவையும் சேர்த்து இழுத்துக் கட்டப் போனபோதுதான் குறுக்கே நின்றேன். "கண்டவனும் உள்ள வந்தா யாரு சித்தப்பா பொறுப்பு?" என்றான். "நாந்தாம்லே பொறுப்பு. பாதி வயலு என்னுது, கடவு என் பாதியில இருக்கட்டும். கதவு போட்டுக்கோ, பூட்டுப் போடாத" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பூட்டில்லாமல் கொண்டி மட்டும் வைத்த ஒரு கதவை மாட்டிவிட்டுப் பட்டாளத்துக்குத் திரும்பினான்.

போன வாரம் அறுப்பு முடிந்தது. மதினி இல்லாத முதல் அறுப்பு. வன்னியம்பட்டிக்காரர் வந்து புதுக் கதவின் முன்னால் தயங்கி நின்றார்; கொண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாயை உள்ளே விட்டார். பொழுது சாயும் நேரம் வளைகளை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். மிதித்துக்கொண்டே போனேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி குரல் வராத மோட்டார் ரூமைப் பார்க்க முடியவில்லை. கடைசி வளையைச் சும்மா தொட்டுவிட்டுக் கடந்தேன்.

"நல்லா ஊனி மிதிங்க சார்" என்றார் அவர். "அம்மா இருந்தா இப்படி விடுவாவளா?"

திரும்பி வந்து ஊன்றி மிதித்தேன். கால் புதையவில்லை. அவர் மண்வெட்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுப் போனார்.