டோக்கன் அக்கா சொன்ன உறுதிமொழி

தையல் கம்பெனியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு என்பதை எல்லோரும் மறந்து வெகு காலம் ஆகிவிட்டது. டோக்கன் அக்கா என்றால்தான் தெரியும். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவள், இடுப்பில் சாவி, மடியில் டோக்கன்கள். டோக்கன் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு. கயிறு கோத்திருக்கும். ஒரு வரிசை மெஷினுக்கு ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அந்த வரிசையில் அடுத்தவள் எழுந்திருக்கலாம். மாட்டுக்கு மணி கட்டினாலாவது மேயப் போகிறது என்று நினைப்பார்கள். இங்கே யாருக்கு என்ன அவசரம் என்று கூடமே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் அவள் காலர் தைப்பதில் சூரப்புலி. பிறகு கண் மங்கியது. தூரத்தில் நிற்கிற ஆள் தெரியும், கையிலிருக்கும் ஊசியின் காது தெரியாது. ஒருநாள் விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆபீஸ் மேடத்தின் முன்னால் அழுது புரண்டு இந்த நாற்காலியை வாங்கினாள். அன்றைக்குப் பிடித்த பிடியை அவள் விடவேயில்லை.

நாற்காலி கிடைத்ததும் நாக்கும் நீண்டுவிட்டது. "ஏன்டி, வயித்துக்குள்ள குழாயா வச்சிருக்க? இப்பத்தான போயிட்டு வந்த?" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். கேட்டு நிற்பவள் தலையைக் குனிந்துகொள்வாள். சூப்பர்வைசருக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். அவள் பேச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், வேலையும் ஓடியது. அவள் பிறவியிலேயே கெட்டவள் இல்லை. ஆனால் பயந்தவள் கையில் சாவி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவளைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

ஒருத்தியிடம் மட்டும் அவள் நாக்கு நீளாது. செத்துப்போன அக்காளின் மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே தூக்கி வந்து வளர்த்தாள். படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, கடைசியில் இதே கம்பெனியில் மெஷினிலும் உட்கார வைத்தாள். பிரசவத்தில் அந்தப் பெண்ணுக்கு எங்கோ கிழிந்து, சரியாகத் தைக்காமல் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளால் சிறுநீரை அடக்க முடியாது. வந்தால் உடனே போக வேண்டும். "சித்தி" என்று அவள் தூரத்தில் வரும்போதே டோக்கன் அக்கா யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து வைப்பாள். இந்த நாற்காலியில் இருப்பதே அவளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் மனித உரிமை நாளைக் கம்பெனியில் கொண்டாடச் சொல்லிவிட்டார்கள். சட்டை வாங்குகிற பெரிய கடைக்காரர்களே நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம். சுவரில் புதுச் சுண்ணாம்பு ஏறியது. ஆபீஸ் மேடம் டோக்கன் அக்காவைக் கூப்பிட்டார்.

"மேடையில நீதான் உறுதிமொழி சொல்லணும். உனக்குத்தான் கணீர்னு குரல் இருக்கு."

"எனக்குப் படிக்கக் கண்ணு தெரியாதே மேடம்."

"மனப்பாடம் பண்ணு. நல்லா சொல்லிட்டா அந்த நாற்காலி உனக்கு நிரந்தரம்."

வீட்டில் அக்காள் மகள்தான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். "எந்த மனிதரும் இழிவாக நடத்தப்பட மாட்டார்" என்பாள். டோக்கன் அக்கா திருப்பிச் சொல்வாள். "அச்சம் இன்றித் தன் தேவையைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு" என்ற இடத்தில் சித்தி ஒவ்வொரு முறையும் தடுக்கி விழ, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விழா அன்று காலை மேடம் கழிப்பறையைச் சுற்றிப் பார்த்தார். தரை பளபளத்தது. புது சோப்பு, புதுத் துண்டு, ஜன்னலில் ஒரு பூந்தொட்டிகூட.

"விருந்தாளிங்க பாத்துட்டுப் போறவரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது. பூட்டிடு. அந்தக் கட்டைங்களையும் எங்கயாவது ஒளிச்சு வை" என்றார்.

டோக்கன் அக்கா பூட்டினாள். மரத்துண்டுகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு பாசத்தில் ஒரு காரியம் செய்தாள். தான் மேடையில் பேசுவதை நன்றாகப் பார்க்கட்டும் என்று அக்காள் மகளை முதல் வரிசையில், நட்டநடுவில் உட்கார வைத்தாள்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறியது. அக்காள் மகள் எழுந்து மேடையோரம் வந்தாள்.

"சித்தி, முடியல. சாவியக் குடு."

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க தங்கம். நான் பேசி முடிச்சதும் பின்பக்கமா கூட்டிட்டுப் போறேன்."

"என்னால அடக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். மேடமும் பார்த்துக்கொண்டிருந்தார். "போய் உக்காருடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் டோக்கன் அக்கா. அவள் போய் உட்கார்ந்தாள்.

கார்கள் வந்தன. மாலை, கைதட்டல், ஒரு நீண்ட பேச்சு. பிறகு டோக்கன் அக்கா மைக் முன்னால் நின்றாள். வார்த்தைகள் கணீரென்று வந்தன. கீழே முதல் வரிசையில் அக்காள் மகளின் உதடுகளும் கூடவே அசைந்தன. சொல்லிக்கொடுத்தவள் அல்லவா. கால்மேல் கால் பின்னி, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, சித்தி எங்கும் தடுக்கிவிடக் கூடாது என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "அச்சம் இன்றித் தன் தேவையைச் சொல்ல" என்ற இடம் அன்றைக்குத் தடுக்கவேயில்லை.

அப்போதுதான் அக்காள் மகள் கையைத் தூக்கினாள். வெளியே போகலாமா என்று கேட்கத்தான். பள்ளிக்கூடத்துப் பழக்கம், பாவம்.

விருந்தாளிகளில் ஒரு அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கள், ஒரு தொழிலாளி பேச விரும்புகிறார்" என்றார். உடனே மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் போனது. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து உற்சாகப்படுத்த எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள்.

நின்றதும் போய்விட்டது. சீருடை நனைந்து, கால்வழியே இறங்கி, புதுத் தரை விரிப்பில் பரவியது. கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது. மைக்கை வாயருகே பிடித்தபடி அவள் மேடையைப் பார்த்தாள். "சித்தி" என்ற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

மேடையில் இன்னொரு மைக் இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. இறங்கிப்போய் ஒரு துணியைச் சுற்றி அவளை அணைத்துக்கொள்ள நாலு எட்டுதான். டோக்கன் அக்கா மேடத்தைப் பார்த்தாள். பிறகு மைக்கில், அதே கணீர்க் குரலில் சொன்னாள்: "ஒண்ணுமில்லைங்க. தண்ணி பாட்டில் சாஞ்சுடுச்சு. ஏய் பொண்ணு, சீக்கிரம் தொடச்சு விடு."

பாட்டில் எதுவும் அங்கே இல்லை. இருந்தாலும் விருந்தாளிகள் சிரித்தார்கள், மற்றவர்களும் சிரித்தார்கள். அக்காள் மகள் வேஸ்ட் துணியை எடுத்துவந்து, எல்லோர் காலடியிலும் குத்தவைத்துத் துடைத்தாள். அதற்குள் விருந்தாளிகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். டோக்கன் அக்காதான் கதவைத் திறந்துவிட்டாள். "யாரும் பயன்படுத்தியதே இல்லை போல இருக்கிறதே" என்று வியந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் கட்டைகள் பையிலிருந்து மடிக்கு வந்தன. நாற்காலி நிரந்தரம் என்று மேடம் சொல்லிவிட்டார். காலையிலிருந்து வரிசை வரிசையாகப் பெண்கள் வந்தார்கள், போனார்கள். அக்காள் மகள் மட்டும் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, அப்போதும் வரவில்லை. டோக்கன் அக்கா எழுந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு கட்டையைத் தானே எடுத்துக்கொண்டு மெஷின் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

"போயிட்டு வாடி தங்கம். கதவு திறந்துதான் இருக்கு."

அக்காள் மகள் தலையைத் தூக்கவில்லை. மெஷின் மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

"வேணாங்க அக்கா" என்றாள். "உள்ள துணி மடிச்சு வச்சிருக்கேன்."

பின்னால் நின்ற சூப்பர்வைசருக்கு அது காதில் விழுந்தது. "இது நல்லா இருக்கே" என்றார். "ஒருதரம்கூட எழுந்திருக்கல, இன்னிக்குத் தச்சதுல இவதான் முதல். மத்தவளுங்ககிட்டயும் சொல்லு அக்கா, துணி நாமளே குடுத்துடலாம்."

டோக்கன் அக்கா "சரிங்க சார்" என்றாள். திரும்பி நடந்தபோது கையிலிருந்த கட்டையை எப்போது கழுத்தில் மாட்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வரிசையிலிருந்து ஒருத்தி கூவினாள்.

"என்னக்கா, வயித்துக்குள்ள குழாயா வச்சிருக்க?"

கூடமே சிரித்தது.